தெருவில் இட்ட படுக்கை

வெள்ளவத்தையில் ஒரு குடும்பம் வெளிநாடு போகப்போகிறது என்பதை உறவினர் அறியுமுன் தெருவோரம் அறிந்துவிடும். முதலில் காலுடைந்த நாற்காலி ஒன்று மின்கம்பத்தின் அடியில் வந்து நிற்கும். பிறகு பூந்தொட்டிகள். பிறகு பிள்ளைகளின் பழைய பாடநூல்கள், கயிற்றால் இறுகக் கட்டப்பட்டு. கடைசியாகக் கூடத்தின் நடுவில் கிடந்த பெரிய இருக்கைகள் வரும். அவை வந்துவிட்டால் வீட்டார் விமான நிலையத்துக்குப் புறப்பட்டுவிட்டனர் என்று கொள்ளலாம். காலி நகருக்குப் போகும் நெடுஞ்சாலையான காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் எங்கள் ஒழுங்கையில், நாட்டின் கருவூலம் வற்றிப்போன அந்த ஆண்டில், மின்கம்பத்தின் அடி வெறுமையாக இருந்ததை நான் கண்டதில்லை.

அதற்கு முன்னர் அந்தப் பொருள்களை நான் நோக்கியதே இல்லை. பிறர் கழித்தவற்றைக் கூர்ந்து பார்ப்பது, பிறர் உடை மாற்றும்போது பார்ப்பதற்கு ஒப்பானது என்று எண்ணி, முகத்தைக் கடற்பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பேன். பாடசாலையில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன்; வீதியில் எதிர்ப்படுவோர் பலர் என்னை 'மாஸ்டர்' என்று அழைத்து ஒதுங்கி வழிவிடுவார்கள். அத்தகையவன் குப்பை கிளறுவதாவது! என் மனைவி பாரிசவாதத்தால் படுக்கையில் விழுந்தபோது அந்த எண்ணமும் அவளோடு சேர்ந்து விழுந்தது.

இடக்கையும் இடக்காலும் அவளுடையவையல்ல என்றாகிவிட்டன. பேச்சும் நினைவும் மட்டும் பழுதின்றி எஞ்சின. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள் கொண்ட வீடு; அதில் அவள், நான், காலையில் வந்து அவளைத் துடைத்து உடைமாற்றிப் போகும் ஒரு பெண்மணி. அந்தப் பெண்மணி மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். கொட்டாஞ்சேனையில் தமக்கையோடு தங்கியிருந்து, படுக்கையிற் கிடக்கும் முதியோரைப் பராமரிக்க வீடு வீடாகப் போய் வருபவர்.

தெருவோரம் எனக்கு ஈந்தவற்றை இங்கே சொல்லவேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டும் நீலத் தொட்டி ஒன்று கிடைத்தது. அதன் ஒரு பக்கச் சுவரைக் கழுத்து அமரும் அளவுக்கு வெட்டித் தாழ்த்தி, மனைவியைப் படுக்கையிலிருந்து எழுப்பாமலே தலைமுழுகவார்த்தோம். சில்லுப் பூட்டிய தேநீர்த் தட்டு மருந்து மேசையாயிற்று. திரைச்சீலைக் கம்பி ஒன்றை வளைத்துச் சிறுநீர் வடியும் பையைக் கொழுவித் தொங்கவிட்டேன். ஒரு பெரிய இருக்கையின் உள்ளிருந்த பஞ்சணையை உருவி எடுத்துக் குதிகாலுக்கும் முழங்காலுக்கும் முண்டு கொடுத்தேன்.

பொருள் எதுவாயினும் வாசலில் வைத்தவுடன் உள்ளிருந்து கேள்வி வரும். யார் வீட்டது, ஏன் கழித்தார்கள், அந்த வீட்டில் நோயாளி எவரும் இருந்தாரோ என்று மனைவி விசாரிப்பாள். சுத்தம், ஆசாரம், வெள்ளிக்கிழமை விரதம் ஆகிய மூன்றிலும் நோய் அவளைத் தளர்த்தவில்லை.

"கனடா போன ஆக்களின்ரை சாமான் எண்டால் பரவாயில்லை," என்பாள். "அதிலை ஒரு யோகம் ஒட்டிக்கொண்டு வரும். செத்தவீட்டுச் சாமான் மட்டும் வேண்டாம், இஞ்சேருங்கோ."

பராமரிப்புப் பெண்மணி இதைக் கேட்டுச் சிரிப்பார். ஒருநாள் கம்பியை நான் வளைத்துக்கொண்டிருந்தபோது, "ரோட்டுல கெடந்த சாமானெல்லாம் மேல வந்திருச்சு. இனிமே அந்தக் கரண்டுக் கம்பம் ஒண்ணுதான் பாக்கி. அதையும் தூக்கிட்டு வந்துருங்க ஐயா, லைட்டாவது எரியும்," என்றார். நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்றுபோகும் காலம் அது. மனைவி அன்று சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது.

பிறகு சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவளுடைய முதுகின் அடியில், எலும்பு முடியும் இடத்தில், முதலில் சிவந்த ஒரு வட்டம் தோன்றியது. அழுத்தினால் வெளுக்காத சிவப்பு. சில நாள்களில் தோல் வழன்றது. பிறகு அது குழியாயிற்று. நான் இடப்பக்கம் புரட்டுவேன், வலப்பக்கம் புரட்டுவேன். ஆனால் என் கைகளும் முதியவை. அவளுடைய எடையைத் தாங்க மாட்டாது நழுவவிட்ட வேளைகளில் விரிப்போடு அவள் தோல் உராயும் ஒலியை நான் கேட்டிருக்கிறேன். அறையில் ஊதுபத்தி ஏற்றினோம். அந்த வாடையை ஊதுபத்தி மறைக்கவில்லை. அதனோடு கலந்து, இன்றுவரை கோயிலில் ஊதுபத்தி ஏற்றினால் நான் வெளியே வந்து நிற்கும்படி செய்துவிட்டது.

பார்க்க வந்த மருத்துவர் என்னை வெளியே அழைத்துச் சென்று சுருக்கமாகக் கூறினார். களிம்பால் மட்டும் இது ஆறாது. உடலின் பாரம் ஓரிடத்தில் தங்கவே கூடாது. குழாய்கள் மாறி மாறிக் காற்று நிரம்பி வடியும் மெத்தையில் கிடத்தவேண்டும். இல்லையேல் புண் எலும்பைத் தொடும். அங்கிருந்து நஞ்சு இரத்தத்தில் ஏறும்.

அந்த மெத்தையைத் தேடினேன். வெள்ளவத்தை மருந்துக்கடைகளில் கையை விரித்தார்கள். மருதானையில் மருத்துவக் கருவிகள் விற்கும் கடைகளில், வெளிநாட்டுப் பொருள்கள் இறங்குவதில்லை, அடுத்த கப்பலில் வந்தால் வரும் என்றார்கள். எரிபொருள் இல்லாமையால் பேருந்துகள் குறைந்திருந்தன. தொங்கிக்கொண்டு போய்த் தொங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த கப்பல் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு, கடலோர வீதியில் நின்று அடிவானத்தில் தெரியும் கப்பல்களை உண்மையிலேயே பார்க்கத் தொடங்கினேன். மெத்தை அவற்றுள் ஒன்றிலும் இல்லை. அது எங்கள் ஒழுங்கையிலேயே, எதிர்க்கட்டடத்தின் முதலாம் மாடியில் இருந்தது.

அங்கே என் நண்பர் ஒருவர் கிடந்தார். நில அளவையாளராயிருந்து ஓய்வு பெற்றவர். முன்பெல்லாம் மாலையில் கடலோர வீதியில் இருவரும் நடப்போம். தூரங்களை அடியெண்ணாமலே துல்லியமாகச் சொல்வார், நான் வியப்பேன். புற்றுநோய் அவரை அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே படுக்கையில் கிடத்தியது. வெளிநாட்டிலிருந்த மகன், விமானத்தில் வந்த ஒருவர் வசம் காற்று மெத்தையொன்றை அனுப்பியிருந்தார். அந்த வீட்டுக்கும் எங்கள் பெண்மணியே போய் வந்தார். "அங்க பெரியவருக்கு ஒரு பொட்டுப் புண் இல்லீங்க ஐயா. மேகத்துல படுத்திருக்கிற மாதிரி இருக்காரு," என்று அவர்தான் ஒரு காலையில் வாய்தவறிச் சொன்னார்.

அன்று மாலையே நண்பரைப் பார்க்கப் போனேன். அதற்கு முன்னரும் போயிருக்கிறேன்; ஆனால் அன்றுதான் அந்த மெத்தையை முதன்முதலாகக் கண்டேன். கட்டிலின் கால்மாட்டில் கொழுவியிருந்த சிறிய பெட்டியொன்று வண்டுபோல் இரைந்தது. அவருடைய விலாவின் கீழ் குழாய்கள் மெல்ல எழுந்தன. பக்கத்துக் குழாய்கள் மெல்லத் தாழ்ந்தன. அவர் கண்மூடிக் கிடந்தார். நான் அவர் கையைப் பற்றிக்கொண்டு குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அடிக்கடி போனேன். வாழைப்பழம் கொண்டு போவேன். அவருடைய தமக்கையார், தம்பியைப் பார்க்கவென்றே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியிருந்த முதியவர், கதவைத் திறந்து, "மாஸ்டரைப் போலை ஒரு சிநேகிதர் ஆருக்குக் கிடைக்கும்," என்பார். தம்பியின் நிலை எப்படி என்று கேட்பேன். நேற்றைவிட மோசம் என்பார். தலையசைப்பேன். அந்தத் தலையசைப்பில் துயரம் இருந்தது. அதன் அடியில் வேறொன்றும் இருந்தது. ஒருவருடைய மூச்சின் நீளத்தை இன்னொருவருடைய முதுகுப் புண்ணின் ஆழத்தோடு ஒப்பிட்டுக்கொண்டு ஒரு மனிதன் கட்டிலருகே அமர்ந்திருக்கலாம் என்பதை நான் கற்ற எந்த நூலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கேட்டிருக்கலாமே என்று வாசிப்போர் நினைக்கக்கூடும். எப்படிக் கேட்பது? 'உங்கள் தம்பி போன பின்பு அவருடைய படுக்கையை எனக்குத் தாருங்கள்' என்று எந்தத் தமிழில் கேட்பது? பெண்மணி, தாமே கேட்டுவிடுவதாகச் சொன்னார். உயிரோடு இருப்பவரின் படுக்கைக்கு விலைபேசுவது போலாகும் என்று தடுத்தேன். அவர் மருந்துத் துணியைச் சுருட்டியவாறே, "அப்ப நீங்க மரியாதையப் பாருங்க. நான் புண்ணப் பாக்குறேன்," என்றார். அன்று அவர் துணியை எடுத்தபோது குழியின் அடியில் வெண்மையாக ஏதோ தெரிந்தது. அது எலும்பா என்று நான் கேட்கவில்லை.

நண்பர் ஒரு முற்பகலில் இறந்தார்.

மகன் வந்து சேர்ந்த பின்னர், கட்டடத்தின் கீழே வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் உடலை வைத்துக் கிரியைகள் செய்தார்கள். எரிபொருள் இல்லாத காலமாதலால் பொரளையில் உள்ள கனத்தை மயானத்துக்குப் போக ஒரே ஒரு சிற்றூர்தியைத்தான் ஒழுங்கு செய்ய முடிந்தது. எங்கள் வழக்கில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. ஆண்களுக்கே அந்த ஊர்தியில் இடம் போதவில்லை. உறவினர் சிலரையே நிற்கச் சொல்லிவிட்டு எனக்கு முன்னிருக்கையை ஒதுக்கியிருந்தார்கள். சிதையின் முன்னே பதிகம் பாட வேண்டியவன் நான். நண்பர் சுகதேகியாக இருந்த காலத்திலேயே, நடையினூடே, "நீர்தான் பாடவேணும், ராகத்தை மட்டும் இழுத்துக் கெடுக்காதையும்," என்று சொல்லி வைத்திருந்தார்.

இன்னொரு வழக்கும் எனக்குத் தெரிந்திருந்தது. உடல் வாசலைத் தாண்டியதும் வீட்டைக் கழுவுவார்கள். இறந்தவர் கிடந்த படுக்கையை உடனே வெளியேற்றுவார்கள். ஊரில் என்றால் கொளுத்துவார்கள். இங்கே மின்கம்பத்தின் அடிதான். ஆண்கள் மயானத்திலிருந்து திரும்பும்போது அது அங்கே இருக்கக்கூடாது, இருக்கவும் மாட்டாது. பழைய இரும்பும் போத்தலும் சேர்க்கும் கைவண்டிக்காரர் ஒருவர் காலையிலிருந்தே ஒழுங்கையின் முனையில், மதிலோரம், வண்டியை நிறுத்திவிட்டுக் குந்தியிருந்தார். சாவீட்டின் பந்தலை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் ஊர்தியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மனைவியைத் தனியே விட்டுவிட்டு வர இயலாது என்றேன். அது உண்மை; ஆயினும் அன்றைய உண்மை அதுவல்ல. அவர் ஒருகணம் என்னைப் பார்த்தார். பிறகு என் இடத்தில் வேறொருவர் ஏறினார். ஊர்தி காலி வீதியில் திரும்பி மறைந்தது. எவர் பாடினார், பாடினார்களா என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை.

சற்று நேரத்தில் மாடிப்படியில் தண்ணீர் வழிந்து வந்தது. அதன் பின்னே பொருள்கள் வந்தன. பாய், தலையணை, வேட்டிகள், மலக்கூடை நாற்காலி. கடைசியாக வீட்டு வேலைக்கு வந்த இரு பெண்கள், இருபுறமும் பிடித்து, காற்று மெத்தையைக் கொண்டுவந்து போட்டார்கள். பெட்டியும் குழாயோடு இழுபட்டு வந்தது. கைவண்டிக்காரர் எழுந்தார். நானும் எதிர்ப்புறத்து நிழலிலிருந்து அடியெடுத்து வைத்தேன்.

அப்போது தமக்கையார் படியிறங்கி வந்தார். நனைந்த தலைமயிர் தோளில் கிடந்தது. கையில் தேங்காய் உடைக்கும் கத்தி இருந்தது. குனிந்து, மெத்தையின் தலைமாட்டில் கத்தியை ஊன்றி, குறுக்காக இழுத்தார். உள்ளே மிஞ்சியிருந்த காற்று சீறி வெளியேறியது. இறந்தவரின் படுக்கையை முழுமையாகத் தெருவில் விடலாகாது. விட்டால் அது இன்னோர் ஆளைத் தேடும் என்பது அவர்கள் குடும்பத்து நம்பிக்கை. கத்தியை மறுபடியும் ஊன்ற அவர் கையை உயர்த்தினார்.

"அக்கா, வெட்டாதையுங்கோ."

என் குரல்தான். ஆனால் வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளை அடக்கிய குரல் அல்ல அது. அவர் நிமிர்ந்தார்.

"மாஸ்டர்? நீங்கள் கனத்தைக்குப் போகேல்லையோ?"

"எனக்கு அந்த மெத்தை வேணும்."

"உங்களுக்கென்ன விசரே? துடக்குச் சாமான். அவன் கிடந்து செத்தது."

"என்ரை மனிசிக்கு எலும்பு தெரியுது, அக்கா."

அவர் கத்தியைப் பிடித்தபடியே நின்றார். அவர் கண்களில் ஒவ்வொன்றாகத் தெளிந்ததை நான் பார்த்தேன்: நான் கொண்டுவந்த வாழைப்பழங்கள், கட்டிலருகே இருந்த மாலைகள், எப்படி என்று நான் கேட்ட கேள்விகள். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஓ... அதுக்குத்தான் வந்தனீங்கள்," என்றார் மெதுவாக.

அவர் கத்தியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "நான் தெருவிலை போட்டாச்சு. தெருவிலை கிடக்கிறதை ஆர் எடுக்கினம் எண்டு நான் பார்க்கிறேல்லை," என்று சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு படியேறினார். பிறகு அவர் என்னோடு பேசியதில்லை. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து ஊர் திரும்பும்போதும் சொல்லிக்கொள்ளவில்லை.

கைவண்டிக்காரர் அதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டார். அதனுள் இருக்கும் செப்புக் கம்பிக்காகத்தான். சிங்களத்தில், மெத்தையை நீங்கள் எடுங்கள், மோட்டாரை நான் எடுக்கிறேன் என்றார். நியாயமான பங்கீடு என்பதுபோல. நோயாளிக்கு, என் மனைவிக்கு என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தடுமாறினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றியில் திருநீறும் தோளில் சால்வையுமாகச் சாவீட்டுக்குப் போகும் கோலத்தில், கால் நனைய, அழுக்கு நீரில் நான் நின்றிருந்தேன். "கன்ன மாத்தயா," எடுங்கள் ஐயா என்று பெட்டியை மெத்தையின் மேல் வைத்துவிட்டு, மலக்கூடை நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

மின்சாரம் இல்லை; ஆகவே மின்தூக்கியும் இல்லை. மெத்தையைச் சுருட்டி, சால்வையால் கட்டி, படிப்படியாக இழுத்தேன். ஒவ்வொரு தளத்திலும் கதவுகள் திறந்தன, மூடின. இரண்டாம் மாடியில் மார்பு அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இங்கேயே நான் செத்தால் இந்த மெத்தையை யார் மேலே கொண்டுபோவார்கள் என்றே அப்போது தோன்றியது. மனைவிக்குத் துணையாக இருந்த பெண்மணி ஓசை கேட்டு இறங்கி வந்து, மறுமுனையைப் பிடித்தார்.

அவள் கிடந்த அறைக்குள் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை. பின்புறத்து மாடத்தில் விரித்துச் சவர்க்காரமும் மஞ்சளும் கரைத்த நீரால் கழுவத் தொடங்கினேன். செத்தவீட்டுச் சாமான் மட்டும் வேண்டாம் என்றவளிடம் என்ன சொல்வது? கனடா போனவர்களுடையது என்று சொல்லும்படி பெண்மணி மெல்லிய குரலில் யோசனை கூறினார். சொல்லவும் என் வாய் ஆயத்தமாயிற்று.

அறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ. சுடலைக்குப் போகேல்லையோ?"

"இல்லை."

"அங்கை என்ன தண்ணிச் சத்தம்?"

தூரிகையை நிறுத்தினேன். கூரை விசிறி நின்றுபோயிருந்ததால் கடல் கேட்டது.

"அவர் கிடந்த மெத்தையோ?"

"ஓம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேண்டாம் என்பாள், அவள் வேண்டாம் என்றால் அதை மீறி அவளை அதில் கிடத்த என்னால் முடியாது, பிறகு அந்தக் குழி ஆழமாகும்.

"நல்லா உரஞ்சிக் கழுவுங்கோ," என்றாள். "தலைமாட்டுப் பக்கம் ரெண்டு தரம்."

வெட்டு மூன்று குழாய்களைக் கிழித்திருந்தது. ஒவ்வொரு குழாயும் தனித்தனியே கழற்றத்தக்கதாய் இருந்தது எங்கள் நற்பேறு. கிழிந்தவற்றை நீக்கி, அவற்றுக்குக் காற்றுப் போகும் சிறு வழிகளை மடித்து நூலால் இறுகக் கட்டினேன். அந்த இடைவெளியில், தெருவோரத்து இருக்கையிலிருந்து உருவிய பஞ்சணையை நீளமாக அரிந்து உருட்டி வைத்தோம். தலைக்கு அது போதும். இடுப்பின் கீழே நல்ல குழாய்கள் வந்தன. மின்சாரம் வந்ததும் பெட்டி இரைந்தது. குழாய்கள் எழுந்தன. நாங்கள் இருவரும் மனைவியைத் தூக்கி அதில் கிடத்தினோம். அவள் நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மனிசன் எவ்வளவு சுகமாக் கிடந்திருக்கிறார்," என்றாள். நண்பருக்காக அன்றுதான் நான் அழுதேன்.

புண் ஆறியது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆறவில்லை, ஆழமாவது நின்றது. ஓரங்களில் இளஞ்சிவப்பாகத் தசை கட்டும். காய்ச்சல் ஒன்று வந்து அதைக் கரைக்கும். மின்சாரம் நிற்கும்போதெல்லாம் மெத்தையிலிருந்து காற்று இறங்கத் தொடங்கும். அதற்கு ஒரு வழி கண்டேன். இரைச்சல் நின்ற கணமே பெட்டியிலிருந்து இரு குழாய்களையும் பிடுங்கி, மடித்து, உடுப்புக் காயவிடும் கவ்விகளால் கவ்வச் செய்துவிடுவேன். அப்படிச் செய்தால் மின்சாரம் திரும்பும்வரை ஓரளவு காற்று நிற்கும். பிந்தினால் அவள் கட்டிற் பலகையில் கிடப்பாள். ஆகவே மின்தடை நேரத்தில் நான் வீட்டைவிட்டு விலகியதில்லை. அறிவிக்கப்பட்ட நேரத்தில் தடை வராது, அறிவிக்கப்படாத நேரத்தில் வரும். எனவே எந்நேரத்திலும் விலகியதில்லை. என் காது அந்த இரைச்சலோடு கட்டப்பட்டிருந்தது. அந்த இரைச்சல் நின்றுபோவதாக எண்ணி நான் திடுக்கிட்ட வேளைகளில் பாதியில் அது நின்றிருக்கவில்லை; என் மனத்தின் அயர்ச்சிதான் அது.

ஒரு பிற்பகல் கதவு தட்டப்பட்டது. வெளியே அறுபது கடந்த ஒருவர், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நின்றார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சிறு சிலுவை. கொட்டாஞ்சேனையிலிருந்து வருவதாகவும், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்றும் சொன்னார். எங்கள் பெண்மணிதான் முகவரி தந்தாராம். அம்மாவுக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டுப் பார்த்துவிட்டுப் போக வந்தாராம்.

முன்பின் அறியாத மனிதர். எரிபொருள் இல்லாத நகரில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு நலம் விசாரிக்க யார் வருவார்? உட்காரச் சொன்னேன். இருக்கையின் நுனியில் உட்கார்ந்தார்.

"அம்மாவுக்கு இப்ப எப்படி சேர்?"

அப்படியே இருக்கிறாள் என்றேன். அவர் தலையசைத்தார். பிறகு தலையைச் சற்றே சாய்த்தார். அறைக்குள் இருந்து வந்த, அந்தப் பெட்டியின் வண்டிரைச்சலை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தத் தலைச்சாய்வை நான் அறிவேன். நண்பரின் கட்டிலருகே அந்தக் கோணத்தில்தான் நானும் இருந்தேன். எழுந்து அவரை வெளியே தள்ளவேண்டும் என்று தோன்றியது. என் மனைவி உயிரோடு இருக்கிறாள். அவள் மூச்சை அளக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்கச் சொற்கள் திரண்டு வந்தன. தமிழில் எனக்குச் சொற்பஞ்சம் இருந்ததில்லை. ஆயினும் அவர் நீட்டிய பழச்சீப்பை வாங்கிச் சிறுமேசையில் வைத்தேன். தமக்கையார் கத்தியோடு என்னைப் பார்த்த பார்வையால் நான் அவரைப் பார்த்தேன் போலும். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"வைஃப் படுத்து ஆறு மாசம், சேர்," என்றார் தரையைப் பார்த்து. "முதுகுல... நான் ஒண்ணும் கேக்க வரல்ல சேர். சும்மா பாத்துட்டுப் போகத்தான்."

"ஆர் அது?" என்று உள்ளிருந்து மனைவி கேட்டாள்.

ஒருவருமில்லை என்றேன்.

"எனக்குக் காதிலை வாதம் வரேல்லை," என்றாள். "அவரை உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ."

நான் அசையவில்லை. அவரும் அசையவில்லை. பழச்சீப்பு இருவருக்கும் நடுவே சிறுமேசையில் கிடந்தது.

"இஞ்சேருங்கோ, கூட்டிக்கொண்டு வாங்கோ. அந்தக் கிளிப் எப்பிடிப் போடுறதெண்டு இப்பவே காட்டி விடுங்கோ. பேந்து, நான் போனாப்பிறகு, நீங்கள் அழுதுகொண்டு நிப்பியள். ஒழுங்காக் காட்ட மாட்டியள்." சற்று மூச்சு வாங்கினாள். "ஆரையும் வெட்ட விடாதையுங்கோ. கழுவிக் குடுங்கோ."

அவர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவரது முழங்கையைப் பிடித்து எழுப்பி அறைக்குள் அழைத்துச் சென்றேன். மனைவி அவரைப் பார்த்து, பாதி முகத்தால் சிரித்து, பக்கத்திலிருந்த முக்காலியைக் கண்ணால் காட்டினாள். கட்டிலின் கால்மாட்டில் நான் குனிந்து, பெட்டியின் விசையையும் இரு குழாய்களையும் காட்டத் தொடங்கினேன். விசையைக் குழாய் என்றும் குழாயை விசை என்றும் மாற்றிச் சொன்னேன். அவள் சொன்னது சரி, இப்போதே ஒழுங்காகக் காட்ட முடியவில்லை.

அதற்குள் விசிறி தளர்ந்து நின்றது. இரைச்சலும் நின்றது. அவருக்குச் சொல்ல நேரமில்லை. ஒரு குழாயை நான் பிடுங்கி மடித்தேன். மற்றதை அவர் என்னைப் பார்த்து மடித்தார். கட்டிற் காலில் கொழுவியிருந்த கவ்விகளில் ஒன்றைக் கழற்றி அவர் கையில் வைத்தேன்.